எனக்கு நானே வைத்த அந்தியேட்டி

துறவியாகிறது என்று முடிவெடுத்தேன். வயிறு நிறையச் சோறு தின்றபிறகு எடுத்த முடிவு. அதனால் உறுதியான முடிவு.

காரணம் பெண்சாதி வள்ளிநாயகி. சூறாவளி எங்கள் மகன் சின்னராசாவைத் தோணியோடு கொண்டுபோனது. உடம்பு கரைக்கு வரவில்லை. அன்று தொடக்கம் அவளுக்கு ஒரே கதை.

"பிள்ளைக்கு அந்தியேட்டி செய்து கருமத்தை முடியுங்கோ. கலியாணம் காணாத பிள்ளை. தகப்பன் கையாலைதான் எள்ளுந் தண்ணியும் போகவேணும்."

"உடம்பைக் காணாமல் என்ன அந்தியேட்டி? வருவான்."

"மாரியும் போய்க் கோடையும் போயிட்டுது. இன்னும் வருவானோ?"

இந்தக் கதையை நிறுத்த வழி தேடினேன். அப்போதுதான் நகரத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு சுவாமியார் யோகத்தைப் பற்றிப் பேசினார். போனேன். "மனம் தண்ணீர் போல. அலை அடங்கினால் அடி தெரியும்" என்றார். நான் கடலில் பிழைக்கிறவன். அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பகுதி பிடிக்கவில்லை. அடுத்ததாக, "துறவிக்குப் பிள்ளையும் இல்லை, கிரியையும் இல்லை" என்றார். மரத்துப்போன காலோடு எழும்பிக் கும்பிட்டேன்.

காவிக்கு எங்கே போக? வலைக்குப் போடுகிற பட்டைச் சாயத்தில் வேட்டியை முக்கினேன். முற்றத்தில் பத்மாசனம் போட்டேன். போட்டது நான்தான், கழற்றத்தான் ஆள் தேவைப்பட்டது.

வேலிக்கு அப்பால் மீன் வியாபாரி தாஹிர் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, கால் சுளுக்கிட்டுதோ?"

"இது யோகம்."

"பாத்தா வாதம் மாதிரிக் கிடக்கு. எண்ணெய் தரட்டோ?"

வள்ளி மட்டும் ஏசவில்லை. அங்கேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

"நல்லது. நானும் கேட்டு வந்தனான். துறவியாகிறவர் முதல்லை தனக்குத் தானே அந்தியேட்டி செய்யவேணுமாம். வீட்டுக்குச் செத்தவராம். குருக்களிட்டையும் சொல்லிப்போட்டன்."

"எனக்கோ?"

"ஓம், உங்களுக்குத்தான். பயமோ?"

"துறவிக்கு என்ன பயம்?"

அமாவாசை விடிய, கடற்கரையில் படையல் வைத்தாயிற்று. தாஹிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றான். என் சாவுக்கு ஆர் அழுகிறார்கள் என்று ஒருதரம் சுற்றிப் பார்த்தேன். படையலில் அல்வா மாதிரிக் கறுத்த தொதல் இருந்தது. பல்லில் ஒட்டுமென்று நான் தொடவே மாட்டேன்.

"இது ஆருக்கு?"

"பேசாமல் இருங்கோ. செத்த ஆக்கள் கதைக்கிறேல்லை."

முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். குருக்கள் விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் விட்டார்.

"பேரைச் சொல்லுங்கோ."

வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து வள்ளியின் குரல் வந்தது.

"சின்னராசா."

கையை மூடப் பார்த்தேன். விரல் இடுக்கால் எள் ஏற்கெனவே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. குருக்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னமே தெரியும்.

"வள்ளி, வருவானெண்டு சொன்னனே..."

"வரமாட்டான், இஞ்சாருங்கோ."

முதலில் அழுதது தாஹிர். பிறகு யார் யார் என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குந்தினேன். வேட்டியில் சாயம் பாதி கடலோடு போயிருந்தது.

"அப்ப என்ரை துறவு?"

"பிள்ளைக்குக் கிரியை செய்த மனிசன் எப்பிடித் துறவி? உங்கடை சுவாமியார் சொன்னதுதானே! இந்தாங்கோ, அவன்ரை தொதல்."

தின்றேன். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. துறவுதான் போச்சு, மௌனமாவது கிடைத்தது.