ஜப்பான் அப்பு கதைக்காமல் விட்ட ஆள்

டென்மார்க்கிலை ஆரோடையும் கதைக்காமல் இருக்கிறது ஒரு பெரிய காரியம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடை பத்து வருசம் கதைக்காமல் இருந்தாலும் இஞ்சை அதை மரியாதை எண்டுதான் சொல்லுவினம். ஆனால் ஒரே ஒரு மனுசனோடை மட்டும், ஆளைத் தெரிஞ்சு, நாள் நேரம் பாத்து, லீவு எடுக்காமல் இருபத்திரண்டு வருசம் கதைக்காமல் இருந்த ஆள் இந்த உலகத்திலை ஒருத்தர்தான். அவர் எங்கடை ஜப்பான் அப்பு.

அப்பு எண்ட உடனை யாழ்ப்பாணத்துக் கிழவர் எண்டு நினைக்காதையுங்கோ. ஆள் அசல் டேனிஷ்காரர். ஹோர்சன்ஸ் எண்ட டென்மார்க் ஊரிலை பிறந்து, இருபத்தேழு வயசிலை ஜப்பானுக்குப் போய், ஒரு சின்னக் கடற்கரை ஊரிலை பிள்ளையளுக்கு இங்கிலிஸ் படிப்பிச்சு, அந்த ஊர் ரீச்சர் ஒராளையே கலியாணமும் கட்டி, முப்பது வருசத்துக்கு மேலை அங்கை இருந்தவர். மனுசி செத்தாப் பிறகு திரும்பி வந்து, கடைசியிலை அதே ஊரிலை நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு வந்து சேந்தார். பேர் வைச்சது குசினியிலை சமைக்கிற மேரி அக்கா. அவ மன்னார். வாற போற ஆக்களுக்குப் பட்டம் வைக்காட்டி அவவுக்கு அண்டைக்கு வேலை ஓடாது.

இன்னொண்டு. இந்தக் கதையிலை வெள்ளைக்காரர் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பினம். குறை நினைக்காதையுங்கோ. அப்பு டேனிஷிலை சொன்னதெல்லாம் என்ரை காதிலை அப்பிடித்தான் விழுந்தது.

மனுசன் பிறந்த ஊரிலை இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரன் மாதிரி நடக்கும். அவற்றை அறைக்குள்ளை ஆரும் சப்பாத்தோடை காலடி வைக்கேலாது. இல்லத்தின்ரை தலைவியே ஒருநாள் சப்பாத்தோடை வந்தா எண்டு, தான் பிடிச்சு நடக்கிற தள்ளுவண்டியைக் குறுக்கை விட்டு மறிச்சுப்போட்டார். நான் வேலைக்குச் சேந்த முதல் நாள், வீட்டுப் பழக்கத்திலை வாசலிலை கழட்டிப்போட்டு உள்ளை போனன். கண்ணாடியை ஏத்தி என்னை மேலும் கீழும் பாத்தார்.

"அப்பாடா, நாகரிகம் தெரிஞ்ச ஒராள் வந்திருக்குது. இஞ்சத்தை ஆக்களுக்கு ஒண்டும் விளங்காது."

"அவை உங்கடை ஆக்கள்தானே அப்பு?"

"என்ரை ஆக்களோ? எனக்கும் உவைக்கும் என்ன சம்மந்தம்?"

புதன்கிழமைப் பின்னேரங்களிலை கோப்பி குடிக்கிற நேரம் அப்பு ஜப்பான் கதை சொல்லுவார். கேக்கிற கிழடுகள் எழும்பி ஓடேலாத ஆக்கள். அதாலை கூட்டம் குறையாது. அவர் பிடிச்ச மீனின்ரை நீளம் கிழமைக்கு ஒரு சாண் வளரும். ஆர் மறுக்கிறது? ஹோர்சன்ஸிலை ஜப்பானுக்கு அவர்தான் அத்தாரிட்டி.

அப்பிடி இருக்கேக்கைதான் ஒரு பங்குனி மாசம் புது ஆள் ஒராள் வந்தார். இங்கிலாந்துக்காரர். மகள் ஹோர்சன்ஸ் பெடியன் ஒருத்தனைக் கட்டி இஞ்சை இருக்கிறபடியால் தேப்பனையும் கூப்பிட்டு வைச்சிருக்கிறா. ஆளுக்கு டேனிஷ் ஒரு சொல்லும் தெரியாது. மேரி அக்கா அரை நிமிசத்திலை "இங்கிலிஸ் அப்பு" எண்டு பேர் வைச்சிட்டா. அவற்றை கடதாசியளைப் பாத்தால், ஜப்பானிலை கனகாலம் இருந்தவர் எண்டு கிடக்குது. எனக்குச் சந்தோசத்திலை புழுகம் தாங்கேல்லை. சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு நேரை ஜப்பான் அப்புவின்ரை மேசையடிக்குப் போனன்.

"அப்பு, இஞ்சை பாருங்கோ, உங்களுக்கு ஒரு கூட்டாளி! இவரும் ஜப்பானிலை இருந்தவராம்."

அப்புவின்ரை கோப்பை வாய்க்குக் கிட்டப் போய் நிண்டிட்டுது. இங்கிலிஸ் அப்பு பிழையான வீட்டுக்கை பூந்த ஆள் மாதிரி முழுசினார். பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை, சொல்லி வைச்ச மாதிரி, ஒராள் பேப்பரைத் தூக்கினார், மற்றாள் யன்னலைப் பாத்தார். அண்டைக்குப் பேப்பர் எட்டே எட்டுப் பக்கம். அதை எங்கடை அப்பு ஒண்டேகால் மணித்தியாலம் வாசிச்சார்.

ஜப்பான் அப்புவை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டன்.

"அந்த ஆளைத் தெரியுமோ?"

"தெரியாது."

"ஜப்பானிலை எந்த ஊராம் எண்டு கேட்டுப் பாப்பமோ?"

"என்ரை ஊர்தான். மூண்டாம் தெரு, மீன்கடைக்கு முன்வீடு. இருபத்திரண்டு வருசம் அங்கைதான் இருந்தவன். ஆனால் ஆளைத் தெரியாது."

விசயம் என்னெண்டால் இதுதான். "ஒரு ஊரிலை ஒரே ஒரு வெள்ளைக்காரன் இருந்தால் அவன் ராசா" எண்டார் அப்பு. "மீன்காரன் ஒரு மீன் கூடப் போடுவான். பிள்ளையள் பின்னாலை ஓடிவருங்கள். கோயில் திருவிழாவிலை கூப்பிட்டு முன்னுக்கு நிப்பாட்டுவினம். ரெண்டாவது வெள்ளைக்காரன் வந்திட்டான் எண்டால், அண்டையோடை ரெண்டு பேரும் வெறும் வெளிநாட்டுக்காரர்!"

அப்பு எட்டு மாசம் ராசாவாய் இருந்தவர். பிறகு மற்றப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலிஸ் படிப்பிக்க இந்த ஆள் வந்து இறங்கியிருக்குது. அதுவும் அசல் இங்கிலிஸ்காரன்! எதிரிலை கண்டால் ஒராள் கடலைப் பாக்கிறது, மற்றாள் மலையைப் பாக்கிறது. ஊர்ப் பொதுக்குளிப்பு மண்டபத்தைக்கூடக் கதைக்காமலே பங்கு பிரிச்சிருக்கினம். திங்கள், புதன், வெள்ளி இவர். செவ்வாய், வியாழன், சனி அவர்.

"கதைக்காமல் எப்பிடி அப்பு பங்கு பிரிச்சனியள்?"

"வாசலிலை சப்பாத்துக் கிடக்கும். அந்த ஊரிலை அவ்வளவு பெரிய சப்பாத்து ரெண்டே ரெண்டு சோடிதான். கண்டால் திரும்பிப் போயிடுவம்."

எனக்கு எண்டால் சிரிப்பு அடக்கேலாமல் போச்சுது. உந்த வெள்ளைக்காரருக்கு என்ன விசரோ எண்டு நினைச்சுக்கொண்டு வேலை முடியக் கடைக்குப் போனன். அங்கை தூரத்திலை ஒரு தமிழ் முகம், தெரிஞ்ச மனுசி ஒராள். நாங்கள் இஞ்சை வந்த புதுசிலை ஸ்டேசனிலை ஒரு கறுத்தத் தலையைக் கண்டால் ரெயினை விட்டிட்டுப் பின்னாலை ஓடுவம். பேர் கேக்க முதல் வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடுவம். இப்ப நான் என்ன செய்தன்? பால் அடுக்கின தட்டுக்குப் பின்னாலை ஒளிச்சன். கண்டால் கேள்வியாலை துளைப்பா: "மகள் என்ன படிக்கிறா? இன்னும் அந்தப் பழைய வீட்டிலையோ இருக்கிறியள்?" மெல்ல எட்டிப் பாத்தால், அவ பாணும் பணிசும் அடுக்கின தட்டுக்குப் பின்னாலை குனிஞ்சு நிண்டு என்னை எட்டிப் பாக்கிறா. நான் அதுக்குப் பிறகு அப்புவைப் பாத்துச் சிரிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சிட்டன்.

இல்லத்திலையும் பங்கு பிரிப்பு நடந்தது. யன்னலடிக் கதிரை மத்தியானம் மட்டும் ஜப்பான் அப்புவுக்கு, பிறகு இங்கிலிஸ் அப்புவுக்கு. ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஆனால் புதன்கிழமைக் கதைக்கு மட்டும் இங்கிலிஸ் அப்பு கடைசி வரிசையிலை வந்து இருப்பார். டேனிஷ் தெரியாட்டிலும் கையாலை காட்டுற மீனின்ரை நீளம் விளங்கும்தானே? அப்பு கையை விரிப்பார். பின்னாலை இருந்து ஒரு இருமல் வரும். அப்பு கையைக் கொஞ்சம் ஒடுக்குவார். இன்னொரு இருமல். இன்னும் ஒடுக்குவார். கடைசியிலை மீன் நெத்தலி அளவுக்கு வந்திடும். மேரி அக்கா குசினி வேலையைப் போட்டிட்டு வந்து நிண்டு பாப்பா.

ஐப்பசி மட்டிலை இருமல் நிண்டுபோச்சுது. இங்கிலிஸ் அப்பு கதைக்கு வாறேல்லை. சாப்பாடும் வைச்சது வைச்சபடி திரும்பி வரும். எங்கடை அரைகுறை இங்கிலிஸிலை "குட் மோர்னிங்" சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். நாள் முழுக்க ஒரு சொல் கதைக்க ஆளில்லாமல் மனுசன் வாடிப்போச்சுது. மகள் வந்து அழுதா. இங்கிலாந்திலை சித்தப்பா இருக்கிற இடத்திலை ஒரு இல்லம் பாத்திருக்கிறன், வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வைச்சுக் கூட்டிக்கொண்டு போறன் எண்டா.

ஒராளின்ரை விசயத்தை மற்றாளுக்குச் சொல்லக் கூடாது எண்டு எங்களுக்குச் சட்டம். சட்டம் எனக்குத் தெரியும். என்ரை வாய்க்குத்தான் தெரியாது. செவ்வாய்க்கிழமையே போய் ஜப்பான் அப்புவிட்டைச் சொல்லிப்போட்டன்.

"போகட்டும்" எண்டார். "நல்லதாய்ப் போச்சுது. யன்னல் கதிரை முழு நாளும் எனக்கு."

அண்டைக்கு மட்டும் நாலு தரம் மணி அடிச்சு என்னைக் கூப்பிட்டார். முதல் தரம், திரைச்சீலை சரியில்லையாம். ரெண்டாம் தரம், வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்காம்? மூண்டாம் தரம், ஒண்டுமில்லையாம். நாலாம் தரம் போக, சுவரைப் பாத்துக்கொண்டு சொல்லுறார்:

"அவனுக்கு அந்தக் கல்லு மாதிரிக் கறுத்தப் பாணைக் குடுக்காதையுங்கோ. கீழ்வரிசைப் பல்லு ஏலாது. சோத்தைக் குழைய அவிச்சுக் குடுத்தால் சாப்பிடுவான்."

"தெரியாத ஆளின்ரை பல்லு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பல்லு டாக்குத்தரின்ரை கடிதம் எனக்குத்தானே வந்தது! அந்தத் தபால்காரனுக்கு ரெண்டு வெள்ளைக்காரரும் ஒண்டுதான். அவன்ரை கடிதம் எனக்கு வரும், என்ரை கடிதம் அவனுக்குப் போகும். நான் வாசிச்சுப்போட்டு அவன்ரை பெட்டிக்குள்ளை போட்டிட்டு வருவன். அவனும் அப்பிடித்தான்."

"வாசிச்சுப்போட்டோ?"

"வாசிச்சால்தானே பிழையாய் வந்த கடிதம் எண்டு தெரியும்?"

"இருபத்திரண்டு வருசமாயோ அப்பு!"

நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. "ஒருநாள் ஆசுப்பத்திரிக் கடிதம் ஒண்டு வந்தது" எண்டார். "அவன்ரை மனுசிக்கு. கூடாத செய்தி. அதைக் கொண்டுபோய் அவன்ரை வாசலிலை கன நேரம் நிண்டன். மணியை அடிக்கேல்லை. பெட்டிக்குள்ளை போட்டிட்டு வந்திட்டன். அண்டைக்கு நான் அடிச்சிருக்க வேணும்."

எனக்கு அழுகையும் வந்தது, அதோடை கொதியும் வந்தது. "பின்னை இப்ப போய்க் கதையுங்கோவன்! பத்தடி தூரம்தானே!"

"அது ஏலாது. எங்களை ஒருத்தரும் அறிமுகப்படுத்தி வைக்கேல்லை. எங்கடை ஊரிலை நடுவிலை ஒராள் நிண்டு சொல்லாமல் வலியப் போய்க் கதைக்கிறது மரியாதை இல்லை."

"இவ்வளவு காலத்திலை அதுக்கு ஒராள் கிடைக்கேல்லையோ?"

"ஊர்ச்சனம் எல்லாம் நாங்கள் அண்ணன் தம்பி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தது. அண்ணன் தம்பியை ஆர் அறிமுகப்படுத்துவினம்?"

வியாழக்கிழமைப் பின்னேரம் அப்புவுக்குக் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தள்ளுவண்டியோடை கூட்டிக்கொண்டு போனன். இங்கிலிஸ் அப்புவின்ரை வாசலிலை ரெண்டு பேரும் சப்பாத்தைக் கழட்டினம். மேரி அக்கா கரண்டியோடை பின்னாலை வாறா.

"பிள்ளை, உனக்கு ஜப்பான்காரர் மாதிரி அறிமுகம் செய்யத் தெரியுமோ?"

"எனக்கு எங்கடை ஆக்கள் செய்யிற மாதிரித்தான் தெரியும் அக்கா."

எங்கடை ஆக்கள் எப்பிடிச் செய்வினம்? ஆளின்ரை பேர் ஆருக்கு வேணும்? எந்த ஊர், எந்தத் தெரு, ஆற்றை ஆள்? எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஸிலை, சத்தமாய், அப்பிடியே சொன்னன். "ஐயா, இவர் உங்கடை ஊர். குளிப்பு மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு. பெரிய பள்ளிக்கூடத்து ரீச்சரின்ரை மனுசன். அப்பு, இவர் மீன்கடைக்கு முன்வீடு. ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்."

 இங்கிலிஸ் அப்பு கதிரையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல எழும்பினார். ரெண்டு கிழவரும் இடுப்பு வளைஞ்சமட்டும் குனிஞ்சினம். குனிஞ்ச உசாரிலை தள்ளுவண்டி முன்னுக்கு ஓட, நான் அப்புவைப் பிடிக்க, மேரி அக்கா வண்டியைப் பிடிச்சா. இங்கிலிஸ் அப்பு ஜப்பான் பாசையிலை ஏதோ சொன்னார். ஜப்பான் அப்புவின்ரை முகம் மாறிப்போச்சுது.

"என்னவாம் அப்பு?"

"அந்தக் கடிதம் போட்ட அண்டைக்குக் கதவுக்கு உள்பக்கம் தான் நிண்டவனாம். நான் மணி அடிப்பன் அடிப்பன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவனாம்."

ரெண்டு பேரையும் கதிரையிலை இருத்தினன். மேரி அக்கா கரண்டியை வைச்சுக்கொண்டு கண்ணைத் துடைக்கிறா. நானும் அழுதன், அதிலை என்ன வெக்கம்? அஞ்சு நிமிசம் போயிருக்கும். இங்கிலிஸ் அப்பு விரலை நீட்டி இன்னொண்டு சொன்னார். ஜப்பான் அப்பு துள்ளி எழும்பினார்.

"சனிக்கிழமையளிலையும் நான் போய்க் குளிச்சனானாம்! தண்ணியை அழுக்காக்கினனானாம்! பச்சைப் பொய்!"

அதோடை துவங்கினது. வெள்ளிக்கிழமை மகள் கடதாசிக் கட்டோடை வரேக்கையும் நிக்கேல்லை. வாசலிலை அவ அப்பிடியே நிண்டிட்டா.

"அப்பா ஏன் கத்துறார்?"

"சண்டை பிடிக்கிறார்" எண்டன். "காலமையிலை இருந்து. ரெண்டு கோப்பை சோறும் சாப்பிட்டிட்டார்."

அந்தப் பிள்ளை அந்த ஊரிலை வளந்தவ. ஜப்பான் அப்புவைக் கண்ட உடனை விளங்கியிட்டுது. "இந்த ஆளைத் தெருவிலை கண்டால் மற்றப் பக்கம் பாக்க வேணும் எண்டு அப்பா எங்களுக்குப் பழக்கினவர்" எண்டு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சுக்கொண்டே போய் அப்புவை நேருக்கு நேர் பாத்து, குனிஞ்சு வணக்கம் சொன்னா. கடதாசிக் கட்டை எடுத்துக் கைப்பைக்குள்ளை திரும்ப வைச்சா. தலைவி என்னைக் கூப்பிட்டு, விசயத்தை வெளியிலை விட்டது ஆர் எண்டு கேட்டா. எனக்கு டேனிஷ் அவ்வளவு விளங்காது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இப்ப நான் கோல்டிங் எண்ட வேறை ஊருக்கு வேலை மாறி வந்திட்டன். ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் அப்பு போன் எடுப்பார். "சுகமாய் இருக்கிறியோ?" எண்டு ஒருநாளும் கேக்கமாட்டார். எடுத்த உடனை வழக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கு, ஸ்டேசன் கூரை பச்சையோ நீலமோ எண்டது. ஜப்பானைக் கண்ணாலையும் காணாத நான் வடிவாய் யோசிச்சு, பச்சை எண்டு தீர்ப்புச் சொன்னன். பின்னாலை இங்கிலிஸ் அப்பு மறுத்துக் கத்துறது கேட்டுது. அவருக்கும் மறுமொழி சொல்லி, ரெண்டு பேரையும் மருந்தைக் குடிச்சிட்டுச் சண்டை பிடிக்கச் சொல்லிப்போட்டுத்தான் போனை வைச்சன்.

அடுப்படியிலை நிண்ட மகள் டேனிஷிலை கேட்டாள், இவ்வளவு நேரமும் ஆரம்மா போனிலை எண்டு.

"ஊரிலை இருந்து" எண்டன்.