முயல்தீவில் ஒரு கள்ளிப்பழம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். தெரியும் என்று சொல்லிவிட்டால்தான் நாள் முழுக்க வேலை. வெள்ளைக்காரர் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தபோது, இதை நான் நாக்கால் கற்றுக்கொண்டேன்.

எங்கள் துரையின் மனைவி பூக்களைப் படம் வரைகிறவர். கரைக்கு எதிரே கடலில் இருக்கும் முயல்தீவுக்குப் போய், அங்கே பூக்கிற செடிகளில் எது இந்த மண்ணுக்கே உரியது, எது கப்பலேறி வந்தது என்று குறித்துக்கொண்டு வரைய ஆசைப்பட்டார். செடிகொடி தெரிந்தவர் யார் என்று துரை கேட்டதும் என் கை தானாக உயர்ந்தது. (எனக்குத் தெரிந்த ஒரே தாவரம் முருங்கை.) காரியம் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார்.

சூசை அண்ணாச்சியின் வள்ளத்தில் போய் இறங்கினோம். எங்கள் உடன்குடியில் பார்த்த செடியென்றால் நாட்டுச்செடி, பார்க்காததென்றால் அயல்நாடு என்று அடித்துவிட்டேன். துரைசாணியும் எழுதிக்கொண்டே வந்தார். பூவும் பழமுமாக ஒரு சப்பாத்திக்கள்ளி நின்றது. சுத்தமான நாட்டுச்செடி என்றேன். (அது அமெரிக்காவிலிருந்து வந்ததாம். யாருக்குத் தெரியும்?) அவர் சந்தேகமாகப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தின்றே வளர்கிறார்கள் என்று சொல்லி, ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தேன்.

ஊரில் அக்கா பழம் தருவாள், நான் தின்பேன். தருவதற்கு முன் அவள் அதை மணலில் புரட்டி முள்ளைத் தேய்த்தெடுப்பாள் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

"முள்ளத் தேய்க்காமலா தின்னிய?" என்றார் சூசை அண்ணாச்சி, மெதுவாக.

நாக்கு முழுக்கப் பூனைமுடி மாதிரி முள். அதற்குள் துரைசாணி மணலில் படர்ந்த ஊதாப்பூக் கொடியைக் காட்டிப் பெயர் கேட்டார். அந்தத் தீவிலேயே எனக்கு நிஜமாகப் பெயர் தெரிந்த ஒரே கொடி அது. அடம்பு என்று சொல்லப் பார்த்தேன். "ஆவ்வா" என்று வந்தது. அவரும் அழகாக "ஆவ்வா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். நம் தலையாட்டல்தான் தெரியுமே, ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

கண்ணில் நீர் வழிந்த பிறகே அவருக்கு விஷயம் விளங்கியது. திரும்பும்போது, புருவம் திருத்தும் இடுக்கியால் வழியெல்லாம் முள் பிடுங்கினார். வள்ளங்கள் வந்து அணையும் பாலத்தில் காத்திருந்த துரை கண்டது, தன் மனைவியின் மடிப்பக்கம் வாயைப் பிளந்து கிடந்த தற்காலிகக் குமாஸ்தாவை.

வேலை நிரந்தரமானது. ஆனால் துரைசாணி கண்ணிலேயே படாத கிடங்கில். அவர் வரைந்த ஊதாப்பூ மட்டும் 'ஆவ்வா' என்ற பெயரோடு ஆபீஸ் சுவரில் தொங்கியது.

கல்யாணமான புதிதில் மனைவியிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அடம்பு என்று சொன்னதில்லை. போன வாரம் பேத்தி, வகுப்பில் முட்டி போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள்.

"டீச்சருக்கு ஆவ்வாவே தெரியல தாத்தா. நீங்க வந்து சொல்லிக் குடுங்க."