ஐஸில் போன காளையின் மானம்

மாப்பிள்ளை படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் மாமனார் வாய்ப்பது வரம். அந்த வரத்தை ஒரே மதியத்தில் தொலைத்தவன் நான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன் (அந்தத் திமிர் வேறு). மாமனாருக்குக் குண்டடத்தில் தோட்டம். இனவிருத்திக்கென்று ஒரு பூச்சிக்காளை வைத்திருந்தார். கன்றிலிருந்து அவர் கையால் வளர்ந்தது. அந்தக் கோடையில் அதனிடம் கூட்டி வந்த மாடுகள் எதுவும் சினை பிடிக்கவில்லை. விந்தைப் பரிசோதிப்பது, தேறாது என்றால் காளையை விற்றுவிடுவது என்று முடிவானது.

கால்நடை மருத்துவர் விந்தை எடுத்துச் சிறு குழாயில் அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார். தாராபுரம் லேபில் சேர்ப்பது என் பொறுப்பு.

வழியில் எனக்கு ஞானம் பிறந்தது. வெயிலோ கொளுத்துகிறது. பாலே இந்தச் சூட்டில் கெட்டுவிடுமே! ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தி, வெந்நீரைக் கொட்டிவிட்டு ஐஸ்கட்டியை நிரப்பினேன். (யாரும் சொல்லாமல், நானாகவே.)

ரிப்போர்ட் வந்தது. பெரும்பாலான விந்தணுக்களுக்கு வால் வளைந்து சுருண்டிருந்தது, நீந்தவே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ரிஜெக்ட் பீஸுங்க மாமா, தள்ளி விட்டுருங்க" என்றேன்.

மறுநாள் வியாபாரி கயிறோடு வந்துவிட்டார். மாமனார் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உம்மேல ஒரு குத்தமுமில்ல சாமி" என்று அழுதார்.

ஆறுதல் சொல்ல வந்த மருத்துவர் பேச்சோடு பேச்சாக, "சூடு ஆறாமக் கொண்டு போனீங்களாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சூடுங்களா? ஐஸ் போட்டு ஜம்முனு கொண்டு போனேனுங்க!"

"ஐஸா! ஏனுங்க, குளிர் பட்டா வால் சுருண்டுக்குமுங்களே! எந்தக் காளையோடதும் செத்துத்தானுங்க போகும்!"

வியாபாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். மாமனார் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "மாப்ள, நீங்க ஊட்டுக்குள்ள போயி உக்காருங்க" என்றார், அத்தனை மரியாதையாக.

அடுத்த முறை மருத்துவர் தோட்டத்துக்கே மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து பார்த்தார். கொஞ்சம் கோணல் எந்தக் காளைக்கும் இருக்குமாம். இதற்குக் கோடைத் தொடக்கத்தில் வந்த காய்ச்சலால் சற்றுக் கூடுதல்; இரண்டு மாதம் ஓய்வு விட்டால் சரியாகிவிடும் என்றார். சரியானது. அடுத்த வருடம் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் அதன் கன்றுகள் துள்ளின.

அந்தக் காளை இப்போது இல்லை. அதன் திமிலைத் தடவ இன்றும் என் கை தேடுகிறது. மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. மாதாமாதம் சர்க்கரை பார்க்கிறோம். அளவு கூடியிருந்தால் அவர் கவலைப்படுவதில்லை. என் மகளைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படி விசாரிக்கிறார்:

"ஏங்கண்ணு, என்ர ரத்தத்த லேபுக்கு உங்கப்பனா கொண்டு போனாரு?"