சுவருக்குள் ஐந்து ஒயர்

மூன்றாவது ஓட்டையிலும் ஒயர் இல்லை. அனந்தபத்மநாபன் உளியைக் கீழே வைத்துவிட்டு டைரியை மறுபடியும் திறந்தார். தரையிலிருந்து நாலடி, ஜன்னலிலிருந்து இரண்டடி. அவரே டேப் பிடித்து அளந்து, அவரே எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்த கணக்கு.

"கிடைச்சுதா?" என்று சமையலறையிலிருந்து சௌம்யா கேட்டாள்.

"கிட்ட வந்தாச்சு."

"காலைலேர்ந்து கிட்டதான் இருக்கீங்க."

ஹெப்பகோடியில் ஒரே அச்சில் கட்டும் பன்னிரண்டு வீடுகளில் ஒன்று அவர்களுடையது. தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்தது. ஹால் சுவருக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே போட்டி. சௌம்யாவுக்கு, பக்கத்து வீட்டு பார்கவி வைத்திருப்பதைப் போல் அங்கே ஒரு கண்ணாடி ஷோகேஸ் வேண்டும். அனந்தபத்மநாபனுக்கு ஹோம் தியேட்டர் வேண்டும். அதுவும் ஸ்பீக்கர்கள் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஒரு ஒயர்கூட வெளியே தெரியக் கூடாது. கடைசியில் சௌம்யா கொஞ்சம் இறங்கி வந்தாள். ஞாயிறு மாலைக்குள் சுவர் பாடினால் சுவர் அவருக்கு. பாடாவிட்டால் திங்கட்கிழமை ஆசாரி வருவார். இன்று ஞாயிறு.

ஒயர் போட்டதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆவணி பிறந்ததும், சுவர் பூசுவதற்கு முன்பே, ஃப்ரேசர் டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் ரெமிஜியஸை வரவழைத்தார். செங்கல்லில் காடி வெட்டி, பைப் பதித்து, ஐந்து ஒயர்களை இழுத்தார்கள். கதவும் இல்லாமல் நம்பரும் இல்லாமல் நின்ற அந்த வரிசையில் வீட்டை அடையாளம் காண்பதிலும் சிரமம் இருக்கவில்லை. சிவாஜிநகரில் அவரே பொறுக்கி வாங்கி வாசலில் மாட்டிய திருஷ்டி பொம்மை தொங்கியது. பெரிய மீசையும் நீண்ட நாக்குமாக, அது பார்க்க அவருடைய மேனேஜர் மாதிரியே இருக்கும். அந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் அவர் எப்போதும் வண்டியை நிறுத்துவார்.

சைட்டில் செம்பு ஒயர் அடிக்கடி காணாமல் போகும் என்று ரெமிஜியஸ் எச்சரித்ததால், பைப் வாயைக் காகிதத்தால் அடைத்து, அதன் மேலேயே பூசிவிடச் சொல்லியிருந்தார்கள். திருடனிடமிருந்து மறைத்த ஒயர் இப்போது வீட்டுக்காரருக்கும் அகப்படவில்லை.

டைல்ஸ் போட்டதில் தரை உயர்ந்திருக்கும் என்று திடீரென்று தோன்றியது. மூன்று அங்குலம் கீழே நான்காவது ஓட்டை போட்டார். பிறகு, இரண்டடி என்பது ஜன்னல் சட்டத்திலிருந்தா, சுவர் விளிம்பிலிருந்தா என்று சந்தேகம் வந்தது. ஐந்தாவதிலிருந்து மணல்தான் கொட்டியது.

பதினோரு மணிக்கு ரெமிஜியஸ் சர்ச்சில் பூசை முடிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

"என்னா சார், சல்லடை மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எல்லாம் டைரில இருக்கற அளவுதான்."

"ஒண்ணொண்ணா நோண்டுனா ஆவாது சார். குறுக்க ஒரே கோடா வெட்டிப்புடுவோம். பைப்பு மேலருந்து கீழ வந்துதானே ஆவணும். எங்கியாவது மாட்டும்."

பேச்சில் நியாயம் இருந்தது. சுவரின் குறுக்கே வெட்ட ஆரம்பித்தார்கள். ஆறாவது அடியில் பைப் தட்டுப்பட்டது. அனந்தபத்மநாபன் சந்தோஷத்தில் சௌம்யாவைக் கூப்பிட்டார். அவள் வந்து நிற்கவும் ரெமிஜியஸ் உளியில் ஒரு தட்டுத் தட்டவும் சரியாக இருந்தது. மின்விசிறி நின்றது. உள்ளே ஃப்ரிட்ஜும் ஓய்ந்தது.

"இது லைட்டு பைப்பு" என்றார் ரெமிஜியஸ்.

ஏழாவது அடியில் இன்னொரு பைப் கிடைத்தது. இந்த முறை அனந்தபத்மநாபன் தானே உளியை வாங்கி மிக மெதுவாகத்தான் தட்டினார். மாடி பாத்ரூமுக்குப் போக வேண்டிய தண்ணீர் அவர் முகத்தில் பீச்சியடித்தது.

சௌம்யா போய் வால்வை மூடினாள். வாளியும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கீழே கிடந்த டேப்பை எடுத்துச் சுவரை அளந்தாள்.

"எட்டடி. ஷோகேஸுக்குத் தாராளம்."

அந்த எட்டடியும் கையை விட்டுப் போவது அனந்தபத்மநாபனுக்குத் தெரிந்தது. ஈரத் தலையோடு ரெமிஜியஸ் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க ரெமிஜியஸ். அப்புறமா வந்து ஒயரை உருவிட்டீங்களா?"

ரெமிஜியஸ் சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"பதினெட்டு வருசமா எங்க சர்ச்சுக்கு மைக் செட்டு கட்டுற கை சார் இது. இந்தக் கையாலதான் இழுத்தேன். நீங்கதான் டார்ச் புடிச்சீங்க."

"பிடிச்சேன். அப்போ எங்க போச்சு?"

"செவுத்தக் கேளுங்க."

ரெமிஜியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அனந்தபத்மநாபனுக்கும் உறுத்தியது. ஆனால் அவர் யோசித்துப் பார்ப்பதற்கு வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை.

வாசலில் யாரோ இருமினார்கள். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அங்கேயே காவல் இருக்கும் வாட்ச்மேன் முனியப்பன்.

"சார், வரிசைல கடைசி வீட்டுக்கு வேலை ஆரம்பிக்கிறாங்க. உங்க வாசல்ல அந்த பொம்மை வேலையில்லாம சும்னே தொங்கிட்டிருக்கு. குடுத்தீங்கன்னா அங்க மாட்டிடுவேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றாள் சௌம்யா. "அது இருந்துதான் எங்களுக்கு இந்தக் கதி."

முனியப்பன் ஸ்டூலில் ஏறிப் பொம்மையை அவிழ்த்தார். மீசையிலிருந்த தூசியைத் தட்டினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹால் சுவரை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா, ராசியான பொம்மை. ஆவணி பொறந்தப்ப பக்கத்து வீட்ல சாரம் சரிஞ்சு ஒரு ஆளு விழுந்தான் இல்ல, அப்போ பத்து நாளைக்கு இத இங்கருந்து கழட்டி அங்கதான் மாட்டி வெச்சிருந்தேன். அன்னிலேர்ந்து பாருங்க, பார்கவி அம்மா வீட்டு செவுத்துல ஒரு கீறல் விழல."