முப்பத்தைந்து மைலுக்கு மேல் நடுங்கிய வண்டி

எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிறவனை நம்பாதீர்கள். இருபத்து நான்கு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஷெட்டில் மூன்று வருடம் ஸ்பானர் பிடித்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பியிருந்தேன். (பிடித்தது என்றால், பெரும்பாலும் இன்னொருவர் கேட்கும்போது எடுத்துக் கொடுத்தது.) ஊரில் மோட்டார் பற்றிப் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். அதனால் என்னை மறுத்துப் பேசவும் ஆளில்லை.

வல்லத்தில் அந்தோணி மாமா இருந்தார். எங்களுக்குத் தூரத்து உறவு, மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பயிரிடுகிறவர். பட்டாளம் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பிலோமினா என்று ஒரு மகளும் இருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு கவலையே கிடையாது.

எனவே வண்டியின் முன் டயர் கிழிந்தபோது, கூப்பிடாமலே ஓடினேன். புது டயர் லேசில் கிடைக்காத காலம். பழைய லாரி டயரில் தடிமனாக ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டு வைத்து மூடினேன். மாமா முதுகில் தட்டினார். பிலோமினா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மோரிலேயே எனக்குப் போதை ஏறிவிட்டது.

அடுத்த வாரமே மாமா ஆளனுப்பினார்.

"தம்பி சூசை, மெதுவா போனா ஒன்னும் இல்ல. முப்பத்தஞ்சு மைலுக்கு மேல போனா முன்னாடி ஒதறுது. கை ரெண்டும் ஜுரம் வந்தாப்ல நடுங்குது."

"ஹேண்டில் பேரிங் மாமா" என்றேன். வண்டியை நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் வைத்தேன். நடுங்கியது. ஸ்போக்ஸ் கம்பிதான் என்று ஒவ்வொன்றாக முறுக்கினேன். நடுங்கியது. முன் ஃபோர்க்கைப் பிரித்துப் பூட்டினேன். (ஒரு வாஷர் மிஞ்சியது. பையில் போட்டுக்கொண்டேன்.) அப்போதும் நடுங்கியது.

"இது வண்டி கோளாறு இல்ல மாமா. ரோடு கோணலு" என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நீ ஓட்டு, நான் பின்னாடி குந்திக்கினு வரேன். ஒதறாம வூட்ல கொண்டாந்து வுட்டீன்னா, அன்னிக்கே பாக்கு வெத்தல மாத்திக்கலாம்."

அந்த வாரம் முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோயில் வாசலில் பங்கு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் சலவை வேட்டியோடு மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திண்டிவனம் ரோடு. முப்பது வரைக்கும் வண்டி பூ மாதிரி போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வல்லம் நெருங்கும்போது, மாமாவுக்கு என் திறமையைக் காட்ட வேண்டாமா என்று நாற்பதுக்கு முறுக்கினேன். ஹேண்டில் என் கையிலிருந்து துள்ளிக்கொண்டு இரண்டு பக்கமும் அடித்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சேறடித்து வைத்திருந்த கழனி. நல்லவேளை, நாற்று நட்டிருக்கவில்லை.

மாமா சேற்றிலிருந்து மெல்ல எழுந்தார். மீசை இருந்த இடம் தெரியவில்லை.

"இன்னா தம்பி, கழனியும் கோணலா?"

வண்டியை அவர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டில் நிறுத்தினோம். முன் சக்கரம் தரையில் படாமல் தொங்கியது. நான் தலையைக் குனிந்து நின்றேன். கல்யாணமும் கழனியோடு போயிற்று என்று உள்ளுக்குள் அழுதேன். பிலோமினா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சேற்றைக் கழுவினாள். நிற்கவிட்டாள். மறுபடி சுற்றினாள்.

"நைனா, இத்த பாரு. எத்தினி தபா சுத்தினாலும் இந்த எடமே கீழ வந்து நிக்குது. இங்க மட்டும் இன்னாமோ கனமா இருக்குது."

நானும் அந்தச் சக்கரத்தை நூறு தடவை சுற்றியிருக்கிறேன். எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை.

டயரைக் கழற்றினேன். அந்த இடத்தில் என் லாரி டயர்த் துண்டு, தோசைக்கல் கனத்தில், சுகமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கனத்த சக்கரம் வேகமாகச் சுற்றினால் உதறத்தானே செய்யும்.

"இத்த யாரு வெச்சது?" என்றார் மாமா.

நான் தூரத்தில் தெரிந்த கோட்டை மலையைப் பார்த்தேன். பிறகு, வேறு வழியில்லாமல், "நான்தான் மாமா" என்றேன். என் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன முதல் டயக்னோஸிஸ் அதுதான்.

"வண்டிக்கே இந்த கதின்னா, இவன நம்பி பொண்ண எப்டி குடுக்கறது?" என்றார் மாமா.

பிலோமினா குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு வெச்ச ஒட்ட கண்டுபுடிக்க, கூடவே ஒரு ஆளு இருந்தா போதும் நைனா. நான் இருக்கறேன்."

தை மாதம் கல்யாணம். அதற்குள் புது டயரும் கிடைத்துவிட்டது. நாற்பத்தைந்திலும் வண்டி நடுங்கவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் குழம்பு உப்புக் கரித்தாலும், கூரை ஒழுகினாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுல அவரு முன்னாடியே கை வெச்சாரா?" பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

போன மாதம் எனக்குக் கை நடுக்கம் என்று டாக்டரிடம் போயிருந்தோம். எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா முந்திக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும் டாக்டர். உள்ள எங்கனா ஒட்டு வெச்சிருக்காரான்னு மொதல்ல பாருங்க."