துரை பங்களா சூப்பு

இனிமேல் கஞ்சியைத் தொடுவதில்லை என்று சோலைமலைக் கங்காணி முடிவெடுத்தார். பொகவந்தலாவைத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற கூட்டத்தையே ஒரே அதட்டலில் ஓட வைக்கிறவர். அவர் போய், பல் முளைக்காத பிள்ளை மாதிரி குழைந்த சோற்றைக் குடிப்பதா?

ஆனால் அவர் வயிறு மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காலையில் தின்ற ரொட்டி பொழுது சாய்ந்தும் அசையாமல் கிடக்கும். நாலு வாய்க்கே தொண்டை வரை அடைக்கும். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், மேலதிகாரியான கண்டாக்கையாவின் சப்பாத்துக் காலிலேயே வாந்தி எடுத்துவிட்டார். வெளியே பெரட்டு, உள்ளே பெரட்டல்! ஆளும் பாதியாகிவிட்டார்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் உடைத்தே சொன்னார்.

"சீனி வியாதி உங்க வயித்தைச் சோம்பேறியாக்கிடுச்சு, கங்காணி. சாப்பாட்டைக் கீழ தள்ள ரொம்ப நேரம் எடுக்குது. முழுசா மாறாது. அனுசரிச்சுத்தான் போகணும். குழைய வேக வச்சு, எண்ணெய் இல்லாம, நார் இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. சாப்பிட்டதும் படுக்காம நடங்க."

கூட நின்ற மனைவி சண்முகவடிவு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். கங்காணி காதில் விழுந்தது "சோம்பேறி" மட்டும்தான். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிப் பொருமினார்.

"எத்தனை சோம்பேறிய வேலை வாங்கினவன் நான்! எனக்கே சோம்பேறி வயிறா?"

"அப்ப அதையும் வேலை வாங்குங்க. இந்தாங்க, ரெண்டு கரண்டி கஞ்சி."

"நோயாளிச் சாப்பாடு எனக்கு வேணாம்! நாளைக்குச் சங்கத்துக் கூட்டம். பஸாருலயே சாப்பிட்டுக்குவேன்."

கூட்டமாவது ஒன்றாவது! மீராசாஹிப் கடைப் பரோட்டாவும் ஆட்டுக்கறியும்தான் கூட்டம். சண்முகவடிவு மறிக்கவே இல்லை.

"தாராளமாப் போங்க. நடந்தே போங்க, பஸ்ஸு குலுக்கும்."

ஏமாந்துவிட்டாள் என்று கங்காணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, கங்காணியார்!" என்றார் மீராசாஹிப்.

"ரெண்டு பரோட்டா, ஒரு ஆட்டுக்கறி."

"அதெல்லாம் கண்டவனும் திங்கிறது. உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். துரை பங்களா சூப்பு!"

சின்னக் கோப்பை. கறிச்சாற்றில் பூசணியும் அரிசியும் கரைந்து கிடந்தன. மணம் ஆளைத் தூக்கியது.

"இவ்வளவுதானா?"

"துரைமாரு ஒரே மூச்சில குடிப்பாங்களா? ஒரு கோப்பை குடிச்சு, பஸாரை ஒரு சுத்துச் சுத்தி வந்து, அப்புறம்தான் அடுத்த கோப்பை."

கங்காணியும் துரை மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். குடித்தது கீழே இறங்கியது. மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் தினமும் கூட்டம். சில நாள் குமட்டத்தான் செய்தது. அன்றைக்கு, "துரையும் இன்னைக்கு வெறும் சாறுதானாம்" என்பார் மீராசாஹிப். ஒட்டிய கன்னம் மெல்ல மெல்லத் தூர்ந்தது. அதட்டல் மறுபடி எதிர்மலை வரை எட்டியது.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவருக்கு உண்மையை அடக்க முடியவில்லை.

"வடிவு, கூட்டமெல்லாம் பொய். துரை சாப்பாடு சாப்பிடுறேன்! உன் கஞ்சியால முடியாதது மீராசாஹிப் கைப்பக்குவத்துல முடிஞ்சுது பாத்தியா? போய் அவர்கிட்டக் கத்துக்க!"

சண்முகவடிவு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். அதே மணம்.

"அப்ப நாளையிலேருந்து இங்கயே குடிங்க. தினமும் கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி இதைக் கடைக்கு அனுப்புறது எனக்கும் பெரும்பாடா இருக்கு."