பிடித்த எண்ணில் நிறுத்துபவர்

அளப்பதற்கு முன்பே விடையை முடிவு செய்துவிட்டு, மரியாதைக்காகக் கருவியைத் தொடுகிற இனம் ஒன்று உலகில் இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை வேதியியலாளர் அந்த இனத்துக்கே மூத்தவர்.

வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அளவுக் கருவியின் மின்முனையைக் கழுவி, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் மெல்லிய காகிதத்தால் ஒற்றி, கிணற்றுத் தண்ணீர்க் குவளையில் இறக்கிவிட்டு அவர் நிற்கும் கோலத்தைப் பார்த்தால் நீங்கள் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். கும்பிட வேண்டாம். நைட்ரேட்டை அளக்கும் அந்தக் கருவியில் எண் உடனே நிற்காது. மெல்ல ஏறி, தயங்கி, இன்னும் கொஞ்சம் ஏறித்தான் ஓயும். அதுவரை பொறுக்க நம்மவருக்கு என்ன தலையெழுத்தா? குடிதண்ணீருக்கான வரம்புக்குக் கீழே லட்சணமான ஓர் எண் வந்ததும் பொத்தானை அமுக்கி அதை அங்கேயே நிறுத்திவிடுவார். இன்னும் ஏறுகிறதே என்று உதவியாளப் பெண் இழுத்தால் பதில் தயார்.

“அது ஏறிக்கிட்டேதான் இருக்கும்மா. எங்க நிறுத்தணும்னு நமக்குத் தெரியணும். அதுக்குப் பேருதான் அனுபவம்.”

இந்த அனுபவத்தால் ஊரில் கெட்ட கிணறே இல்லாமல் போயிற்று. மேலிடத்துக்குப் பரம திருப்தி.

போன வாரம் அவருடைய மகள், ஏதோ ஒரு சந்தேகத்தில், தன் தெருவின் பொதுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். கைக்குழந்தைக்குப் பால்மாவை அதில்தான் கரைக்கிறாள். நைட்ரேட் மிஞ்சினால் குழந்தையின் உதடு நீலம் பாரிக்கும், காய்ச்சினாலும் அது போகாது என்பது தாத்தாவுக்குத் தெரியாதா? கருவியைச் சரிபார்க்கும் கரைசல்களைப் புதிதாகக் கலந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லட்சணமான எண் வந்தது, போனது, கை அசையவில்லை. எண் ஓய்ந்தபோது வரம்பை நன்றாகவே தாண்டியிருந்தது. ஆக, மனிதருக்குக் காத்திருக்கத் தெரியும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்றார்.

“பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இதே தண்ணிதானேப்பா?”

“அவங்க கேட்டப்பவே நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப போய் எப்படிம்மா மாத்துறது?”

மகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். தன் பேர் என்ன ஆவது என்று அவர் வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனார்.

நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. நல்லது. ரத்த அழுத்தக் கருவியைத் திரும்பத் திரும்பக் கையில் கட்டிப் பார்த்து, குறைவாக வந்த அளவை மட்டும் வீட்டில் சொன்னவர்தானே நீங்கள்? இல்லை என்கிறீர்களா? அவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்.